ஒரு நிமிட ஆட்டத்துக்கு என்ன விலை? பெரிய கிளப்புகளின் ரொடேஷனும் டிரான்ஸ்ஃபர் கணக்கும்

கேள்வி: இங்கிலாந்துக் கால்பந்து கிளப்புகளான மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், செல்சி, ஆர்சனல் நான்குமே கோடிக்கணக்கில் பணத்தை இறக்குகின்றன. ஆனாலும் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவது ஒரு கிளப்புக்குக் கைகொடுக்கிறது, இன்னொன்றின் காலை வாருகிறது. ஏன்? இவர்களில் யாருடைய முதலீடு புத்திசாலித்தனமானது?

பதில்:

ரொடேஷன், அதாவது ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவது என்பதை மேனேஜர் சனிக்கிழமை காலையில் எடுக்கும் முடிவாகவே பலரும் பார்க்கிறார்கள். அதில் முக்கால்வாசி கோடையில் டிரான்ஸ்ஃபர் ஜன்னல் (ஆட்களை வாங்கி விற்க அனுமதிக்கும் காலம்) மூடும்போதே முடிந்துவிடுகிறது. வாங்கிய ஆள் எத்தனை நிமிடம் ஆடப்போகிறார் என்று வாங்கும் முன்பே கணக்குப் போட்ட கிளப்புக்கு ரொடேஷன் எளிது. போடாத கிளப்புக்கு அது சூதாட்டம்.

அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக் 38 ஆட்டம். ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் 2024-25 முதல் 36 அணி வடிவத்துக்கு மாறியபின் முதல் கட்டத்திலேயே 8 ஆட்டம். முதல் எட்டு இடத்துக்குள் வந்தால் இறுதிவரை இன்னும் 7, ஒன்பதிலிருந்து இருபத்துநாலுக்குள் முடித்தால் ப்ளே-ஆஃப் சேர்த்து 9. உள்நாட்டுக் கோப்பைகளில் எஃப்.ஏ. கோப்பை இறுதிவரை 6, லீக் கோப்பை 6. ப்ளே-ஆஃப் இல்லாமல் எல்லாவற்றிலும் கடைசிவரை போனால் 65 ஆட்டம். மூன்று பட்டம் வென்ற 2022-23-ல் சிட்டி ஆடியது 61.

கோல்கீப்பரை விட்டுவிட்டால் ஓர் ஆட்டத்துக்கு 10 பேர், தலைக்கு 90 நிமிடம். 65 ஆட்டத்துக்கு 58,500 நிமிடம். ஒருவரிடமிருந்து சீசனுக்கு 3,500 நிமிடம் எதிர்பார்க்கலாம் என்று வைத்தால் 17 பேர் போதும். காயத்துக்கும் தடைக்கும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் 21 பேர். மூன்று கீப்பர்களைச் சேர்த்தால் 24. பிரீமியர் லீக் பட்டியலின் உச்சவரம்பான 25-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதற்கு மேல் வாங்கும் ஒவ்வொருவரும் இன்னொருவரின் நிமிடத்தைத்தான் தின்கிறார்.

பட்டியல் விதியிலும் ஒரு பொறி உண்டு. அந்த 25-ல் வெளியில் வளர்ந்தவர்கள் 17 பேருக்கு மேல் கூடாது. மீதி எட்டு இடமும், 21 வயதுக்குள் மூன்று சீசன் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகியிருந்தவர்களுக்கு. அப்படிப்பட்டவர்கள் ஐந்து பேர்தான் இருந்தால் உங்கள் பட்டியல் 22 ஆகச் சுருங்கும். 21 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். ஐரோப்பியப் போட்டிகளில் அவற்றை நடத்தும் அமைப்பான யூஃபா இன்னும் ஒரு படி மேலே போய், எட்டில் நான்கு பேர் அந்தக் கிளப்பிலேயே வளர்ந்திருக்க வேண்டும் என்கிறது. ரசிகர்கள் ‘இவனை ஏன் வைத்திருக்கிறார்கள்’ என்று திட்டும் மூன்றாவது கீப்பர் பல கிளப்புகளில் உண்மையில் இந்த நான்கில் ஒருவர்!

அடுத்தது பணம். 10 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால் கணக்கேட்டில் அந்தத் தொகை ஒரே வருடத்தில் செலவாக ஏறாது. வருடத்துக்கு 2 கோடியாகப் பிரியும். அமார்டைசேஷன் என்பது இதுதான். சம்பளம் வாரத்துக்கு 2 லட்சம் பவுண்டு என்றால் வருடத்துக்கு 1.04 கோடி. ஆக வருடச் செலவு 3.04 கோடி. அவர் 2,500 நிமிடம் ஆடினால் நிமிடத்துக்குச் சுமார் 12,000 பவுண்டு. பெஞ்சில் உட்கார்ந்து 1,200 நிமிடமே ஆடினால் 25,000-ஐத் தாண்டும். ‘விலை அதிகமா, குறைவா’ என்ற சண்டையைவிட இந்த எண்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இதற்கு மேல் ஒரு கூரை இருக்கிறது. 2025-26 வரை பிரீமியர் லீக்கின் லாப-நிலைத்தன்மை விதிப்படி மூன்று வருடத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்றிருந்தது. அகாடமி (இளம் வீரர்களை வளர்க்கும் பயிற்சிப் பள்ளி), பெண்கள் அணி, கட்டுமானச் செலவுகள் இதில் சேரவில்லை. விதியை மீறியதற்கு எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆகக் குறைத்தார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 2024 மார்ச்சில் 4 புள்ளி இழந்தது. யூஃபாவோ சம்பளம், அமார்டைசேஷன், ஏஜென்ட் கட்டணம் மூன்றையும் சேர்த்து வருமானத்தில் இத்தனை சதவீதம்தான் என்கிறது. 2023-24-ல் 90 ஆக இருந்தது அடுத்த வருடம் 80, 2025-26-ல் 70.

இனி ஒவ்வொரு கிளப்பாகப் பார்க்கலாம்.

செல்சிதான் இந்தக் கணக்கை அதன் எல்லைவரை இழுத்துப் பார்த்தது. 2023 ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸை 10.7 கோடிக்கு எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். ஐந்து வருடமாக இருந்தால் வருடத்துக்கு 2.1 கோடிக்கு மேல் ஏறியிருக்கும். எட்டரை வருடத்தில் 1.26 கோடிதான். யூஃபா அந்தக் கோடையிலேயே ஐந்து வருட வரம்பைக் கொண்டுவந்தது, பிரீமியர் லீக் டிசம்பரில் பின்தொடர்ந்தது. அதற்குள் பல ஒப்பந்தங்கள் முடிந்துவிட்டன.

இதை வெறும் தந்திரம் என்று பாராட்டுகிறவர்கள் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 8 கோடிக்கு எட்டு வருட ஒப்பந்தத்தில் வாங்கிய ஒருவர் மூன்று வருடத்தில் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஏட்டில் அவர் மதிப்பு இன்னும் 5 கோடி. அதற்குக் கீழே விற்றால் அந்த வருடமே நஷ்டம் எழுத வேண்டும். ஐந்து வருட ஒப்பந்தமாக இருந்திருந்தால் ஏட்டு மதிப்பு 3.2 கோடிக்கு இறங்கியிருக்கும், விற்பது எளிது. விளையாட்டு வீரருக்கும் அவசரமில்லை. இன்னும் ஐந்து வருடச் சம்பளம் உறுதி. முதல் அணியோடு பயிற்சியே செய்யாமல் தனியாக ஓடிக்கொண்டிருக்கும் கூட்டம் உருவாவது இப்படித்தான்.

ஓட்டையை அடைக்க அகாடமியில் வளர்ந்தவர்களை விற்றார்கள். மேசன் மவுன்ட் மான்செஸ்டர் யுனைட்டெடுக்கு, கானர் கல்லகர் அத்லெட்டிகோவுக்கு. அவர்களின் ஏட்டு மதிப்பு பூஜ்யம், வந்த பணம் முழுவதும் லாபம். கணக்கில் இது இனிப்பு, ஆனால் மேலே சொன்ன எட்டு இடங்களில் ஒவ்வொன்றாகக் காலியாகிறது.

ஆனால் ரொடேஷனில் செல்சி 2024-25-ல் செய்தது பாடமாகப் படிக்க வேண்டிய ஒன்று. அப்போதைய மேனேஜர் மரெஸ்கா ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று பேரை மாற்றவில்லை. கிட்டத்தட்ட இரண்டு அணிகளை வைத்திருந்தார். லீக்குக்கு ஒன்று, ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீகின் வியாழக்கிழமைகளுக்கு ஒன்று. நட்சத்திர ஆட்டக்காரர் கோல் பால்மரை முதல் கட்டப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அந்தக் கட்டத்தின் ஆறு ஆட்டங்களையும் வென்று 26 கோல் அடித்தார்கள். இறுதியில் பெட்டிஸை 4-1 என வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தார்கள், லீக்கில் நான்காவது இடமும் வந்தது. இரண்டாவது அணி ஒன்றாகவே ஆடிப் பழகியதால் அதற்கென்று ஒரு தாளம் இருந்தது. எதிரிகள் எளியவர்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. சாம்பியன்ஸ் லீகில் இதே வித்தை எடுபடாது.

சிட்டி இதற்கு நேர் எதிர். மேனேஜர் கார்டியோலாவுக்குச் சிறிய, எல்லாரும் இரண்டு மூன்று இடத்தில் ஆடக்கூடிய அணி வேண்டும். பத்தொன்பது பேருக்கும் நிமிடம் கிடைத்தால் ஓய்வறை அமைதியாக இருக்கும். 2025 மே மாதம், அணியைக் குறைக்காவிட்டால் தான் இருக்கமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஐந்தாறு பேரை ஒவ்வோர் ஆட்டத்திலும் கேலரியில் உட்கார வைக்க அவரால் முடியவில்லை.

இந்த முறையின் பலவீனம் ஓர் ஆளுக்கு மாற்றே இல்லாமல் போவது. நடுக்களத்தின் தூணான ராட்ரிக்கு மாற்றாக 2022-ல் கால்வின் ஃபிலிப்ஸை 4.2 கோடிக்கு வாங்கினார்கள். முதல் சீசனில் லீக்கில் அவர் தொடக்க அணியில் இறங்கியது இரண்டே முறை. நிமிடமே கிடைக்காத மாற்று ஆள் தேவைப்படும் நாளில் மாற்றாக இருக்கமாட்டார். ஃபிலிப்ஸ் லோனில், அதாவது தற்காலிகமாக வேறு கிளப்புக்குப் போனார். 2024 செப்டம்பரில் ஆர்சனலுக்கு எதிராக ராட்ரியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதே கோடையில்தான் ஜூலியன் அல்வாரெஸை விற்றிருந்தார்கள். சுமார் 1.4 கோடிக்கு வாங்கி, கூடுதல் தொகைகளோடு 8 கோடியைத் தொடும் விலைக்குக் கொடுத்தது ஏட்டில் அபாரமான வியாபாரம். களத்திலோ ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்வரிசை ஆள்) ஹாலண்டுக்கு மாற்றும் போனது. அக்டோபர் இறுதியிலிருந்து கிறிஸ்துமஸ் மறுநாள் வரை 13 ஆட்டத்தில் ஒரே வெற்றி. ஜனவரியில் மர்மூஷ், நிக்கோ கோன்சாலஸ், குசானோவ், விட்டோர் ரெய்ஸ் என்று அவசரமாக வாங்க வேண்டியதாயிற்று. ஜனவரி விலை எப்போதும் கூடுதல், காரணம் எளிது: உங்கள் அவசரம் விற்பவருக்கும் தெரியும். யூஃபா பட்டியலில் நடுவில் மூன்று புதியவர்களைத்தான் சேர்க்க முடியும் என்பது இன்னொரு தொல்லை.

லிவர்பூலின் பழைய பெருமை ஒரு விற்பனையில் இருக்கிறது. 2018 ஜனவரியில் கூட்டினியோவைப் பார்சிலோனாவுக்குக் கொடுத்தார்கள். சேர்ப்புத் தொகைகளோடு 14.2 கோடி. அதே குளிர்காலத்தில் 7.5 கோடிக்கு சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்) வான் டைக், கோடையில் 6.7 கோடிக்கு கீப்பர் அலிசன். ஒரு தாக்குதல் ஆட்டக்காரரின் விலையில் அணியின் முதுகெலும்பே வந்தது. அதுவும் ஒடியும் என்பதை 2020-21 காட்டியது. வான் டைக், ஜோ கோமஸ், மாட்டிப் என்று சென்டர் பேக் மூவரும் காயம், சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் தோல்வி. நான்காவது சென்டர் பேக்கை வாங்காமல் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

மேனேஜர் ஸ்லாட்டின் முதல் சீசனில் வந்தவர்களில் உடனே அணியில் சேர்ந்தவர் கியேசா மட்டும். ஆட்களை அதிகம் மாற்றாமலே 84 புள்ளியோடு பட்டம் வந்தது. 2025 கோடையில் எதிர்த் திசை: விர்ட்ஸ் 10 கோடி, ஈசாக் 12.5 கோடி, எகிடிகே, கெர்கெஸ், ஃப்ரிம்பாங் என்று மொத்தம் 40 கோடியைத் தாண்டியது. நல்ல ஆட்களை வாங்கவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு ஃபுல் பேக்கையும் (ஓரத் தற்காப்பாளர்கள்), அவர்களுக்கு முன்னால் ஆடுபவர்களையும் ஒரே நேரத்தில் மாற்றியதுதான் சிக்கல். யார் உள்ளே ஓடினால் யார் பின்னால் நிற்க வேண்டும் என்ற பழக்கம் பணத்தால் வராது, ஒன்றாக ஆடிய நிமிடத்தால்தான் வரும். ஈசாக்குக்கு சீசனுக்கு முந்தைய பயிற்சியே இல்லை. செப்டம்பர் முதல் தேதி வந்து சேர்ந்தார். சென்டர் பேக்கில் குவேஹி ஒப்பந்தம் கடைசி நாளில் கைநழுவ, இளம் லியோனி முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு போனார். அக்டோபரில் லீக் கோப்பையில் ஸ்லாட் பத்துப் பேரை மாற்றி, கிரிஸ்டல் பேலஸிடம் 0-3 தோற்றார். முன்வரிசையில் குவித்த கோடிகள் பின்வரிசைக்கு ஓய்வு தராது. (லிவர்பூல் முன்வரிசை வீரர் ஜோட்டாவின் மரணம் அந்த ஓய்வறையை என்ன செய்தது என்பதை எந்தக் கணக்கிலும் வைக்க முடியாது. அந்த சீசனை எடைபோடும் யாரும் அதை மறக்கக்கூடாது.)

ஆர்சனல் பாடத்தைத் தோற்றுக் கற்றது. 2023 மார்ச்சில் சென்டர் பேக் சலீபா முதுகுக் காயத்தால் போனதும் அவர் இடத்துக்கு ராப் ஹோல்டிங் வந்தார், ஏப்ரலில் பட்டம் நழுவியது. 2024-25-ல் என்கெடியாவை விற்றுவிட்டு ஸ்ட்ரைக்கர் வாங்கவில்லை. ஜனவரியில் ஜீசஸ், பிப்ரவரியில் ஹாவர்ட்ஸ் விழ, மிட்ஃபீல்டர் மெரினோ ஸ்ட்ரைக்கராக ஆடினார். 2025 கோடையில் யோகெரெஸ், சுபிமெண்டி, எஸே, மடுவேகே, மொஸ்கேரா, லோனில் ஹின்காப்பியே. கவனியுங்கள், பெரும்பாலும் ஓர் இடத்துக்கு ஒருவர், அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். தொடக்க அணியைக் கலைக்காமல் இரண்டாவது வரிசையை உயர்த்துவது. என் பார்வையில் நான்கில் இதுதான் சரியான வாங்கல். ஆனால் இது விலையுயர்ந்தது. முதல் அணி ஏற்கெனவே பழகியிருந்தால் மட்டுமே பலிக்கும்.

ஆட்ட நாளுக்கு வந்தால், இரண்டு ஆட்டத்துக்கு இடையே 72 மணி நேரம் இல்லையென்றால் வேகமாக ஓடும் விங்கரையும் (ஓரத்தில் தாக்குபவர்) ஃபுல் பேக்கையும்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங் (தொடையின் பின்தசை) கிழிவது அங்கேதான். மூன்று நான்கு பேரை மாற்றலாம், ஆனால் ஒரே பக்கத்தில் இருவரையோ, இரண்டு சென்டர் பேக்கையுமோ சேர்த்து மாற்றக்கூடாது. ஐந்து மாற்று ஆட்டக்காரர் விதி 2022-23-ல் பிரீமியர் லீக்கில் நிலையானது. ஐந்து பேரையும் 60-வது நிமிடத்தில் இறக்கினால் 150 நிமிடம், அதாவது களத்தின் 900 நிமிடத்தில் ஆறில் ஒரு பங்கு. தொடக்க அணியைத் தொடாமலே கிடைக்கும் ரொடேஷன் இது. 85-வது நிமிடத்தில் இறக்கினால் மிஞ்சுவது 25.

பணம் குறைவாக இருக்கும் கிளப் எங்கே செலவழிக்க வேண்டும் என்றால், 12-வது முதல் 15-வது ஆள் வரை. முதல் பதினொருவரை எல்லாரும் நன்றாகவே வாங்குகிறார்கள். 2023-24-ல் ரியல் மாட்ரிட் கோர்த்துவா, மிலிடாவ், அலாபா மூவரையும் முழங்கால் காயத்தில் இழந்தது. ஆனாலும் லா லிகாவையும் சாம்பியன்ஸ் லீகையும் வென்றது. அரையிறுதியில் பயர்னுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்துக் கரையேற்றிய ஜோசெலு, எஸ்பன்யோலிலிருந்து லோனில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்.