கூச்சமும் துடிப்பும் உள்ள நாயை எடுக்கலாமா? ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை ஆறுதலாக வாசித்தேன். கனடா வந்து ஒரு வருடம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மன்ட் (நிலக்கீழ்த் தளம்) வாடகை, மகளுக்குப் பத்து வயது, நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கைவிடப்பட்ட நாய்களை மீட்டுத் தத்துக் கொடுக்கும் ஒரு ரெஸ்கியூ அமைப்பு வைத்திருக்கும் ஒன்றரை வயதுப் பெட்டை நாயைப் பார்த்திருக்கிறீர்கள். இப்போது அது ஒரு ஃபொஸ்டர் வீட்டில், அதாவது தத்துப் போகும்வரை தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் ஒரு தொண்டர் வீட்டில், இருக்கிறது. ‘கூச்ச சுபாவம், ஆனால் நல்ல துடிப்பு’ என்று அதன் விவரத்தில் எழுதியிருக்கிறார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், ஊரிலிருந்து அம்மா வரப்போகிறார், அவருக்கு நாய் என்றாலே பயம், எடுக்கலாமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஃபொஸ்டர் வீட்டுக்காரரோடு மனம்விட்டுக் கதைக்கும்வரை ஆம் என்றும் முடிவெடுக்க வேண்டாம், இல்லை என்றும் முடிவெடுக்க வேண்டாம். இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டிலும் நோவா என்று அப்படி ஒரு நாய் இருக்கிறாள், மனிற்றோபா மாகாணத்தின் வடக்கிலிருந்து வந்தவள். அவளை நாங்கள் எடுத்ததும், இன்றுவரை நிம்மதியாக வைத்திருப்பதும் அவளை வளர்த்த ஃபொஸ்டர் அம்மா சொல்லித் தந்தவற்றால்தான்.

இங்கே பல ரெஸ்கியூ அமைப்புகளுக்குச் சொந்தக் கட்டடமே கிடையாது. ரொறன்ரோ ஹியூமேன் சொசைட்டி போன்றவற்றுக்கு இடம் உண்டு, மாநகரசபைக்கும் காப்பகங்கள் உண்டு. சிறிய அமைப்புகள் நாய்களைத் தொண்டர்களின் வீடுகளில்தான் வைத்திருக்கின்றன. மிருக வைத்தியர் எட்டாத வடக்குச் சமூகங்களிலிருந்தும், கியூபெக்கிலிருந்தும், அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்தும் அவை வருகின்றன. (ஊரிலிருந்தே ஒரு தெருக்குட்டியைத் தத்தெடுப்புக்குக் கொண்டுவரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விசர்நாய்க்கடி நோய் அபாயம் கூடிய நாடுகளிலிருந்து அப்படிக் கொண்டுவருவதை 2022 செப்டெம்பர் 28 முதல் கனடா நிறுத்திவிட்டது. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.)

கூட்டுக்குள் இருக்கும் நாயைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்வது கடினம். ஃபொஸ்டர் வீட்டில் இருக்கும் நாயைப் பற்றி, அது இரவில் எங்கே படுக்கிறது, அழைப்புமணி அடித்தால் என்ன செய்கிறது, தனியே விட்டால் அழுகிறதா என்பதெல்லாம் ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவரிடம் கேளுங்கள். ‘நல்ல நாயா?’ என்று கேட்டால் நல்ல நாய் என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். புதிய ஆள் வீட்டுக்குள் வந்தால் எங்கே போய் நிற்கிறது? அந்த ஆள் இருக்கும்போதே வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கிறது? ஆண்களுக்குப் பயமா? தொப்பி, குடை, தடி, சக்கர நாற்காலி? சிறுபிள்ளைகளோடு இருந்திருக்கிறதா? எவ்வளவு நேரம் தனியே இருந்திருக்கிறது, அந்த நேரத்தைக் கமராவில் பார்த்தார்களா? பயப்படும்போது ஓடுகிறதா, உறைந்துபோய் நிற்கிறதா, உறுமுகிறதா? பயந்த பிறகு மறுபடி சாப்பிட எவ்வளவு நேரம்? நான் இந்தக் கடைசிக் கேள்வியின் பதிலைத்தான் கூடக் கவனிப்பேன். பயப்படாத நாய் இல்லை. பயந்து, கொஞ்ச நேரத்தில் தேறி, கையிலிருந்து ஒரு துண்டு இறைச்சி வாங்கித் தின்னும் நாயோடு ஒரு குடும்பம் வாழலாம். நாள் முழுக்கக் கட்டிலுக்குக் கீழேயே கிடக்கும் நாய்க்கு, மிகவும் அமைதியான, அனுபவமுள்ள வேறொரு வீடு நல்லது.

இன்னொன்றும் முக்கியம்: அந்த வீட்டில் வேறு நாய் இருக்கிறதா? கூச்சமுள்ள நாய்கள் பல, துணிவான இன்னொரு நாயின் பின்னால் போய்த்தான் உலகத்தைப் பார்க்கின்றன. அங்கே வாலாட்டித் திரிகிற நாய், துணை இல்லாத உங்கள் பேஸ்மன்டில் வேறு நாய்போல் இருக்கலாம். ‘அந்த நாய் இல்லாமல் இவளைத் தனியே நடக்கக் கூட்டிப் போயிருக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். இல்லை என்றால், நீங்கள் பார்க்கப் போகும் நாளில் அப்படி ஒருமுறை நடந்து பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அடுத்தது, நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம். துடிப்பு இருக்கிறதே, நன்றாக ஓடவிட்டுக் களைக்கச் செய்தால் அடங்கிவிடும், ஆட்களிடம் கூட்டிப் போனால் கூச்சம் தெளிந்துவிடும் என்று நினைக்கிறோம். சனி ஞாயிறில் புளஃபர்ஸ் பார்க்குக்கோ, நாய்களைக் கழற்றிவிடும் இடத்துக்கோ கொண்டுபோனால் இரண்டும் தீரும் என்று ஒரு கணக்கு. கூச்ச சுபாவ நாய்க்கு அந்தக் கணக்கு பிழைக்கும். அங்கே அது துள்ளிக் குதிப்பதும், மூச்சு வாங்க அங்குமிங்கும் ஓடுவதும் பல நேரங்களில் பயத்தின் வேகம்தான். அந்தப் பதற்றம் வீடு வந்ததும் உடனே இறங்கிவிடாது. அது இறங்குமுன் அடுத்த பயம் சேர்ந்தால், நேற்று சும்மா இருந்த நாய் இன்று குப்பை லொறிக்குக் கதறும்.

கூச்சத்தைக் கூச்சமாகவும் துடிப்பைத் துடிப்பாகவும் தனித்தனியே பாருங்கள். கூச்சத்துக்கு வேண்டியது சின்ன உலகம், மாறாத நேரம், தன்னைப் பார்த்துக் கை நீட்டாத மனிதர்கள். துடிப்புக்கு வேண்டியதை ஆளில்லாத இடத்தில் கொடுக்கலாம். ஞாயிறு விடியற்காலை புறோகிரஸ் அவனியூ பக்கம் தொழிற்சாலைகள் பூட்டிக் கிடக்கும், அங்கே நடக்கலாம். மின்கம்பிப் பாதை வழியே போகும் மெடோவேயிலும் அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், வேலி அடைத்த தனியார் முற்றங்களும் உண்டு. நீளக் கயிறு போட்டு ஓடவிட அவைதான் சரி, ரொறன்ரோவின் பொது இடங்களில் லீஷ் (நாயைப் பிடிக்கும் கயிறு) இரண்டு மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. அப்புறம், ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை கொடுப்பது நாயை நன்றாக ஆற்றும். அதன் உலர் உணவைக் கோப்பையில் போடாமல் புல்லில் எறியுங்கள், துவாய்க்குள் சுருட்டி வையுங்கள், காட்போட் பெட்டிகளுக்குள் ஒளித்து வையுங்கள். அதை உங்கள் மகள் செய்யட்டும். நாயைத் தடவாமல், துரத்தாமல், அதன் மனதில் இடம் பிடிக்க அவளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மகளுக்கு இன்னும் ஒன்று சொல்லி வையுங்கள்: நாய் உறுமினால் ஏசக்கூடாது, விலக வேண்டும். உறுமல் என்பது அது தரும் எச்சரிக்கை. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி விழும். ஒன்ராறியோவில் நாய் கடித்தால் பொறுப்பு உரிமையாளருடையது, முன்பு கடித்ததே இல்லை என்ற பேச்சு எடுபடாது.

வீட்டு விஷயம். ‘நாய் பூனை கூடாது’ என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் ஒன்ராறியோ வாடகைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி அந்த வரி செல்லாது. ஆனால் இரண்டு விஷயம் கவனியுங்கள். வீட்டுக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து இருந்தால் அந்தச் சட்டமே உங்களுக்குப் பொருந்தாது. நம்மவர்களின் பேஸ்மன்டுகளில் இந்த ஏற்பாடு நிறைய உண்டு. மற்றது, நாய் பொருட்களைச் சேதப்படுத்தினாலோ, ஓயாமல் குரைத்தாலோ, மேலே இருப்பவருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தாலோ வீட்டுக்காரர் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கதையுங்கள். நாயைத் தரும் அமைப்பும் பெரும்பாலும் அவருடைய சம்மதத்தைக் கேட்கும்.

பேஸ்மன்ட் கூச்சமுள்ள நாய்க்கு மோசமான இடம் என்று நான் சொல்லமாட்டேன். அமைதியும் அரையிருட்டும் அதற்குப் பிடிக்கும். மேல்மாடிக் காலடிச் சத்தமும், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் பற்றும் சத்தமும் பிடிக்காது. அவை இரண்டிலிருந்தும் தள்ளி, சுவர் மூலையில் அதன் படுக்கையை வையுங்கள். குக்கர் விசிலும் மிக்ஸியும் சாமியறை மணியும் அதற்குப் புதிதாக இருக்கும். இப்போதே அவற்றை ஃபோனில் பதிந்து ஃபொஸ்டர் வீட்டுக்கு அனுப்பி, சாப்பாட்டு நேரத்தில் மெல்லிய சத்தத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் ஃபொஸ்டர் அம்மா இதைச் சந்தோஷமாகச் செய்தார்.

எனக்குக் கவலை உங்கள் பக்கக் கதவைப் பற்றி. அது நேரே டிரைவ்வேக்குத் திறக்கும் கதவு என்றால், இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். புது வீட்டுக்கு வந்த ஆரம்ப நாட்களில்தான் இப்படிப்பட்ட நாய்கள் தப்பி ஓடுகின்றன, இன்னும் உங்களை அதற்குத் தெரியாது. கதவுக்கு உள்ளே, குழந்தைகளுக்குப் போடும் சிறிய தடுப்புக் கதவு ஒன்று போடுங்கள். வெளியே போகும்போது கழுத்தில் மார்ட்டிங்கேல் பட்டி (இழுத்தால் சற்று இறுகி, தலை நழுவ விடாத பட்டி), உடம்பில் ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் வார்), இரண்டிலும் தனித்தனி லீஷ். ஹார்னஸ் இடுப்புக்கு முன்னால் இன்னொரு வார் உள்ளதாக இருந்தால் பின்னால் நழுவ முடியாது. ஜீபிஎஸ் பட்டி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அப்படியும் ஓடிவிட்டால் பின்னால் துரத்த வேண்டாம், பேர் சொல்லிக் கத்த வேண்டாம். உடனே அமைப்புக்கும் ஃபொஸ்டர் வீட்டுக்கும் சொல்லுங்கள். காணாமல் போன இடத்தில் அதன் படுக்கையையும் மணமுள்ள சாப்பாட்டையும் வைத்துவிட்டு ஆட்களை விலகியிருக்கச் சொல்லுங்கள். நாயைக் கையில் தரும்போதே அந்த வீட்டு மணம் உள்ள, கழுவாத ஒரு போர்வையையும் கேட்டு வாங்குங்கள்.

அம்மாவைப் பற்றி நான் உங்களைப்போல் பயப்படவில்லை. நாய்க்குப் பயந்த பெரியவர் நாயைத் தொடமாட்டார், குனிந்து கொஞ்சமாட்டார், உற்றுப் பார்க்கமாட்டார். கூச்சமுள்ள நாய் கேட்பதும் அதைத்தானே. என் மாமியார் அப்படித்தான் இருந்தார். கதிரையில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே தரையில் கோழித்துண்டு போடுவார், அவ்வளவுதான். எங்கள் நோவா முதலில் போய்ப் படுத்தது அவருடைய காலடியில்தான். அம்மாவின் அறைக்கும் சாமியறைக்கும் தடுப்பு போடுங்கள், நாய் உள்ளே வராது என்று அவருக்கு உறுதியாகத் தெரியட்டும். ஆனால் அவர் வருமுன் நாய் வீட்டுக்குப் பழகியிருப்பது நல்லது. இருவரையும் ஒரே மாதத்தில் புதிதாக வரவைக்க வேண்டாம்.

சாப்பாட்டில் அம்மாக்களின் அன்பைக் கொஞ்சம் கட்டுப்படுத்த வேண்டிவரும். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு, அதனால் நம் கறிக்குழம்பு ஒரு கரண்டியும் கூடாது. பாயாசத்தில் போடும் முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) சிறுநீரகத்தைப் பாதிக்கும். சமைத்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் கூராகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். உப்பில்லாமல் அவித்த கோழியும் சோறும் கரட்டும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இருவரும் வேலைக்குப் போவதைப் பற்றி: முழு நாளும் தனியே விடும் வீட்டுக்கு இந்த நாயைப் பல அமைப்புகள் தரமாட்டா, நானும் தரமாட்டேன். ஒருவருடைய வேலை நேரத்தை மாற்ற முடியுமானால், அல்லது நடுவில் ஒருவர் வந்து போக முடியுமானால் சரி. ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள் வந்து கூட்டிப்போகும் ஏற்பாடு கூச்சமுள்ள நாய்க்கு வேண்டாம்.

செலவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தத்தெடுக்கும் கட்டணம் சில நூறு டொலர். கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். விசர்நாய்க்கடித் தடுப்பூசியும் மாநகர அனுமதிப் பத்திரமும் கட்டாயம். அவசர சிகிச்சை என்று இரவில் ஓடினால் ஆயிரக்கணக்கில் வரும், அதனால் காப்புறுதியை முதல் வாரமே எடுங்கள், ஏற்கெனவே இருந்த நோய்க்கு அது பணம் தராது. றூஜ் பூங்காப் பக்கம் நடந்தால் லைம் நோய் பரப்பும் உண்ணி உண்டு, மிருக வைத்தியரிடம் மாத்திரை கேளுங்கள். குளிர்காலத்தில் வீதி உப்பு பாதத்தை எரிக்கும், வந்ததும் இளஞ்சூட்டு நீரில் கழுவுங்கள். ஒப்பந்தத்தில் ‘வைத்திருக்க முடியாவிட்டால் எங்களிடமே திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அது இருப்பது நல்ல அமைப்பின் அடையாளம். முதலில் சில வாரம் உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்து முடிவெடுக்கும் வழி உண்டா என்றும் கேளுங்கள், சில இடங்களில் உண்டு.

விண்ணப்பத்தில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள்: பேஸ்மன்ட், வேலை நேரம், அம்மாவின் பயம், முன்பு நாய் வளர்க்காதது. அவர்கள் தேடுவது பெரிய முற்றத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். ‘இந்த நாய்க்காக எங்கள் நாளை இப்படி மாற்றுவோம்’ என்று எழுதும் குடும்பத்தை ஃபொஸ்டர் வீட்டுக்காரருக்குப் பிடிக்கும், முடிவில் அவர் சொல்லுக்கு நிறைய மதிப்பு உண்டு.

கிடைத்தால், கூட்டி வரும் நாளை யோசித்துக் குறியுங்கள். மே மாதம் விக்ரோறியா தின வார இறுதியிலும் ஜூலை 1 கனடா தினத்திலும் ஸ்காபரோ முழுக்க வெடி வெடிக்கும். இரண்டுக்கும் இடையில் அவசரப்பட்டுக் கூட்டி வராமல், ஃபொஸ்டர் வீட்டுக்காரர் சம்மதித்தால் ஜூலை இரண்டாம் கிழமை என்று கேளுங்கள். மகளுக்கும் அப்போது பள்ளி விடுமுறை. நீங்களோ மனைவியோ அந்தக் கிழமை லீவு போடுங்கள், விருந்தினர் யாரையும் கூப்பிட வேண்டாம். அதற்கு முன் முடிந்த வாரங்களில் எல்லாம் ஃபொஸ்டர் வீட்டுக்குப் போய் அவளோடு நடந்து வாருங்கள், போகும்போது கையில் அவித்த கோழி இருக்கட்டும்.