ஸ்கேன் எடுத்தாச்சு, அப்புறம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே விஷயத்தைச் சுற்றியவை. வீட்டுப் பழைய ஏடுகளையும் படங்களையும் ஸ்கேன் செய்துவிட்டார்கள். இனி அதை யார் தொடப் போகிறார்கள் என்ற சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். செட்டிநாட்டு வீட்டு ஆல்வீட்டில் பூட்டிக் கிடந்தது பென் டிரைவுக்குக் குடிமாறினால் மட்டும் போதாது.

கேள்வி: எங்கள் ஐயாவின் ரங்கூன் பேரேடுகளை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக வைத்திருக்கிறோம். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குப் பயன்படுமா? (வாசகி, தேவகோட்டை)

பயன்படும் ஆச்சி, ஆனால் இப்போதிருக்கும் நிலையில் இல்லை. ஸ்கேன் செய்த கடையில் மூலப் படங்கள் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவத்தில் இன்னும் இருந்தால் உடனே கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப்பில் சுருக்கியது சுருக்கியதுதான், திரும்ப வராது. கோப்புப் பெயரில் ஊர், ஏட்டு எண், பக்க எண் இருக்கட்டும். நான் முதன்முதலில் செய்த வேலையில் ‘புதுசு’, ‘புதுசு கடைசி’, ‘நிஜமாவே கடைசி’ என்று பெயர் வைத்து, எது எந்த ஏடு என்று பிறகு கண்டுபிடிக்க ஒரு வாரம் போனது.

அப்புறம் ஒரே ஓர் ஏட்டில் இருபது பக்கத்தை மட்டும் எடுத்து எக்செல்லில் வரிவரியாக ஏற்றுங்கள். எழுதியிருப்பது எழுதியபடியே ஒரு நெடுக்குப் பத்தியில், நீங்கள் புரிந்துகொண்டது அடுத்த பத்தியில். ௭௱௫௰ என்று இருந்தால் அதை அப்படியே அடித்துவிட்டு, பக்கத்தில் 750 என்று போடுங்கள். பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ எல்லாம் யூனிகோடில் உண்டு. மாகாணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் 2019இல் வந்த 12ஆம் பதிப்பில் சேர்ந்துவிட்டன. அவற்றைக் காட்டும் எழுத்துரு எல்லாக் கணினியிலும் இருக்காது, அதுதான் சிக்கல்.

தேதியில் நிதானம் வேண்டும். ‘பிரபவ வருஷம் ஆடி 12’ என்று மட்டும் இருந்தால் அது 1867ஆ, 1927ஆ? அறுபது வருஷம் தள்ளிப்போனால் வட்டிக் கணக்கிலிருந்து எல்லாமே தப்பு. ஏட்டுக்குள் இங்கிலீஷ் தேதி போட்ட ரசீதோ தபால் முத்திரையோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். நாளைக்கு ஒருவர் உங்கள் முடிவை மறுக்க இடம் வேண்டும்.

விலாசத்து எழுத்துகளுக்கு (குடும்பத்தையும் தொழிலையும் குறிக்கும் முதலெழுத்துகள்) விளக்கம் எழுத மறக்காதீர்கள். உங்கள் அப்பத்தாவுக்கு அவை தெரியும், ஆராய்ச்சி மாணவருக்குத் தெரியாது. முடித்ததும் சிஎஸ்வி என்ற எளிய எழுத்துக் கோப்பாகவும் ஒரு பிரதி சேமியுங்கள். எக்செல் இல்லாதவரும் திறக்கலாம்.

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் தரைகளை முந்நூறு படம் எடுத்திருக்கிறேன். யாரும் காசு பார்க்கக் கூடாது என்பதற்காக, வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடைபோடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடலாமா? (கட்டடக்கலை மாணவர், காரைக்குடி)

போடலாம் தம்பி, ஆனால் நான் போடமாட்டேன். அந்த உரிமத்தில் இருந்தால் விக்கிப்பீடியாவுக்குப் படம் தரும் விக்கிமீடியா காமன்ஸ் களஞ்சியம் ஏற்காது. அதைவிட முக்கியம், ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் கலவை ஊற்றி டைல்ஸ் செய்கிறவர் உங்கள் படத்தைப் போட்டு ஒரு கேட்டலாக் அடித்தாலும் அது வணிகம்தான். கேட்காமல் எடுக்கிறவன் எப்படியும் எடுப்பான். கேட்டு எடுக்கிறவருக்குத்தான் கதவு மூடும். பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனை போதும். வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஊர், வீட்டில் எந்தப் பகுதி (வளவா பட்டாலையா), எப்போது எடுத்தது என்பதையும் சேருங்கள். இனி எடுக்கும்போது தரையில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். உடைந்த கல்லுக்கு ஜோடி செய்கிறவருக்கு அழகான கோணத்தைவிட அந்த ஸ்கேல்தான் உதவும்.

இதே மாணவர் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் பையில் அச்சடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறார். 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு காப்பது கண்டாங்கி என்ற பெயரை. கட்டத்தைப் போடலாம், பையைக் ‘கண்டாங்கி’ என்று விற்காதீர்கள்.

கேள்வி: 1938இல் அச்சான கும்பாபிஷேக மலரை முழுசாக வெளியிடலாமா?

படங்களுக்குத் தடையில்லை, வெளியாகி 60 ஆண்டு தாண்டிவிட்டது. பெயர் போட்ட கட்டுரைகளுக்கு எழுதியவர் இறந்த ஆண்டு தெரிய வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு எண்ணுங்கள். 1962இல் இறந்திருந்தால் 2022 முடிவோடு உரிமை முடிந்தது. ஒரு வேண்டுகோள்: படத்தில் இருப்பவர் முகத்துக்குக் குறுக்கே உங்கள் வாட்டர்மார்க்கைப் போடாதீர்கள்.

கேள்வி: இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்த ஆவணம்), சீர்ப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை இதையெல்லாம் வெளியில் விடலாமா? பங்காளிகளில் சிலருக்கு இஷ்டமில்லை. (வாசகர், பினாங்கு)

இஷ்டமில்லை என்றால் நிறுத்திவையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் நகைக் கணக்கு ஊருக்கு எதற்கு? பழைய தலைமுறைக் காகிதங்களில் எது இருக்கிறது, எந்த ஆண்டு, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியலை மட்டும் வெளியிடுங்கள். தேவைப்படுகிறவர் வந்து கேட்பார். கல்யாணப் பத்திரிகை வேறு விஷயம், அது ஊருக்குக் கொடுப்பதற்கென்றே அச்சடித்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை வைத்து 1994இல் சென்னையில் நூலகம் அமைந்தது. அச்சகப் பெயர், அழைப்பின் நடை, ரயில் நேரம் என்று ஒரு பத்திரிகையில் படிக்க எவ்வளவோ இருக்கிறது.

கேள்வி: இருபது வருஷத்துக்கு முன் தட்டச்சு செய்த கோயில் புள்ளிப் பட்டியலை (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் பட்டியல்) திறந்தால் புரியாத எழுத்தாக வருகிறது.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவாக இருக்கும். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியதும் ஔவில் தொடங்கும் பெயர்களைத் தேடிப் பாருங்கள். பல இடங்களில் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சிக்காது. பழைய கோப்பை அழித்துவிட வேண்டாம்.