சந்தா கட்டியும் கைக்கு வராத படகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்னார்வலர்களே நடத்தும் ஒரு கேனோ (ஒடுக்கமான திறந்த துடுப்புப் படகு) கிளப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஆண்டுச் சந்தா முழுவதும் கட்டிவிட்டேன். தொடக்கநிலைப் பயிற்சிக்கு ஒரு வகுப்பு விடாமல் போனேன். இன்னும் தனியாகப் படகு எடுக்க விடவில்லை. கொட்டகையில் பத்துப் பன்னிரண்டு படகு சும்மா கிடக்கிறது. போன வாரம் நல்ல வெயில். காற்று இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். படகு கழுவவும் கொட்டகை கூட்டவும் மட்டும் மறக்காமல் கூப்பிடுகிறார்கள். இன்னொரு சந்தேகம்: பின்னால் உட்கார்ந்து வலப்பக்கம் துடுப்புப் போட்டால் படகு இடப்பக்கமே திரும்புகிறது. கோளாறு படகிலா, என்னிடமா? பேசாமல் வாடகைப் படகு எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

படகு ஒருபக்கமே திரும்புகிற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அதற்குத்தான் நேரான பதில் இருக்கிறது. படகில் கோளாறு இல்லை. பின்னால் இருப்பவர் வலப்பக்கம் போட்டால் கேனோ இடப்பக்கம்தான் திரும்பும். முன்னால் இருப்பவர் எதிர்ப்பக்கம் போடுகிறாரே, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடாதா என்றால், ஆகாது. படகு ஓடும்போது அணியத்தை, அதாவது முன்முனையை, எதிரே வரும் நீர் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அமரம் என்று கடலோரத்தில் சொல்கிற பின்முனை கலங்கிய நீரில் தளர்வாகக் கிடக்கிறது. அதை நகர்த்துவது எளிது. அதோடு, புதியவர்கள் படகின் விளிம்பை ஒட்டியே துடுப்பை இழுப்பார்கள். விளிம்பு பின்னால் குறுகி வளைவதால் வீச்சின் கடைசிப் பகுதி படகை நோக்கி உள்ளே வருகிறது. அது அமரத்தை உங்கள் பக்கமே இழுக்கும், அணியம் மறுபக்கம் ஓடும்.

செய்ய வேண்டியது இரண்டு. துடுப்பை நட்டுக்குத்தாகப் பிடியுங்கள். மேல்கை, அதாவது கைப்பிடியின் உச்சியைப் பிடித்த கை, படகுக்குள் இல்லாமல் விளிம்புக்கு வெளியே, நீருக்கு மேலே இருக்கட்டும். வீச்சு படகின் நடுக்கோட்டுக்கு இணையாக வர வேண்டும், விளிம்பின் வளைவோடு போகக் கூடாது. பிறகு, துடுப்பு இடுப்பைத் தாண்டும்போது மேல்கையின் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். இதுவரை நீரைத் தள்ளிய அதே முகம் இப்போது வெளிப்பக்கம் பார்க்கும். அந்த முகத்தால் நீரை ஒரு சாண் அளவு வெளியே தள்ளிவிட்டுத் துடுப்பை எடுங்கள். இடப்பக்கம் போடுகிறவரை மேலிருந்து பார்த்தால் துடுப்பு போன தடம் ஆங்கில ஜே எழுத்து மாதிரி இருக்கும், அதனால் ஜே வீச்சு என்று பெயர். பெரும்பாலானவர்கள் கட்டைவிரலை மேல்நோக்கித் திருப்பி, துடுப்பின் முதுகால் தள்ளுவார்கள். படகு நேராகும், ஆனால் ஒவ்வொரு முறையும் பிரேக் போட்ட மாதிரி வேகம் செத்துவிடும். ஐந்து வீச்சு சும்மா விட்டுவிட்டு ஆறாவதில் பெரிதாகத் திருத்துவதும் வேண்டாம்; பாம்பு போல வளைந்து வளைந்துதான் போவீர்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திருத்துங்கள். கண் படகின் மூக்கில் இருக்க வேண்டாம், எதிர்க்கரையில் ஒரு மரத்தில் இருக்கட்டும்.

துடுப்பின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, துடுப்பைத் தலைகீழாக்கிக் கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே பெஞ்சில் ஊன்றுங்கள். அலகு, அதாவது நீரைத் தள்ளும் அகன்ற பகுதி, தொடங்கும் கழுத்து ஏறக்குறைய மூக்கு உயரத்துக்கு வந்தால் சரி. கொட்டகையில் கைக்கு முதலில் அகப்படும் துடுப்பு பெரும்பாலும் யாருக்கும் பொருந்தாத நீளத்தில் மிஞ்சிக் கிடப்பதாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் மனக்குறை. சந்தா கட்டியதும் படகு எடுக்கும் உரிமை வந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். சந்தா பொதுவாகக் காப்பீட்டுக்கும் கொட்டகை வாடகைக்கும் உடைந்ததைச் சரிசெய்யவும் போகிறது. அந்தக் காப்பீடும் பெரும்பாலும் மூன்றாம் நபருக்கு உங்களால் நேரும் சேதத்துக்கானது. உங்கள் தோள்பட்டைக்கோ தண்ணீரில் விழுந்த ஃபோனுக்கோ அதில் ஒன்றும் கிடைக்காது. பத்திரத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள். தனியாகப் படகு எடுப்பது தனி அனுமதி. அதைக் கையெழுத்திட்டுத் தருபவர் ஒருவர் இருப்பார். அவர் யார், எதையெல்லாம் பார்ப்பார் என்று கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கேட்காதது உங்கள் தப்பென்றால், எழுதிச் சுவரில் ஒட்டாதது கிளப்பின் தப்பு. எழுதாத விதி, புதிதாக வந்தவர் கண்ணுக்கு ஆள் பார்த்து நடத்துவதாகத்தான் தெரியும்.

என்ன பார்ப்பார்கள் என்பது கிளப்புக்குக் கிளப் கொஞ்சம் மாறும். உடையோடும் மிதவைச் சட்டையோடும் நீந்துவது, படகைக் கவிழ்த்து வெளியே வருவது, இன்னொருவர் கவிழ்ந்தால் மீட்பது, நேராகப் போவது, நிறுத்துவது, துறையில் ஒழுங்காக அணைவது. இவற்றில் ஆட்கள் தேங்கி நிற்பது மீட்பில்தான். அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நீர் நிறைந்த கேனோவை ஆள் பலத்தால் தூக்க முடியாது. உள்ளே 300 லிட்டர் இருந்தால் 300 கிலோ. அதனால் நீரைக் கொட்டிவிட்டுத்தான் படகை எடுக்க வேண்டும். மீட்கும் படகு, கவிழ்ந்த படகின் ஒரு முனைக்கு வந்து, இரண்டும் ஆங்கில டி எழுத்துப் போலக் குறுக்கே நிற்க வேண்டும். கவிழ்ந்தது குப்புறக் கிடக்கட்டும், நிமிர்த்த வேண்டாம். நேராகத் தூக்கினால் வராது; உள்ளே காற்றுப் புகாமல் நீர் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். ஒரு விளிம்பைச் சற்றுச் சாய்த்தால் ‘பொளக்’ என்று காற்று உள்ளே போகும், கவ்வல் விடும். அந்த நொடியில் முனையைத் தூக்கி உங்கள் படகின் விளிம்பில் ஏற்றிக் குறுக்கே இழுங்கள். நீரில் இருக்கும் ஒருவர் மறுமுனையை அழுத்திக் கொடுத்தால் பாதி வேலை மிச்சம். படகு உங்கள் விளிம்புகளின் மேல் பாதியளவு வந்ததும் நீர் வடிந்துவிடும். அங்கேயே நிமிர்த்தி, வந்த வழியே நீரில் தள்ளி, இரண்டு படகையும் அக்கம்பக்கமாக ஒட்டி நிறுத்தி, விளிம்போடு விளிம்பைச் சேர்த்து இறுக்கிப் பிடியுங்கள். நீரில் இருப்பவர்கள் வெளிப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் காலை உதைத்து வயிற்றால் ஏறி, உள்ளே உருள வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், பயந்த ஆள் மீட்கும் படகின் நடுவிளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது. இரண்டாவது படகும் கவிழும். ‘முனையைப் பிடி’ என்று முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். பிடிப்பதற்கு முனையில் கயிறு இருக்க வேண்டும், அந்தக் கயிற்றின் நுனியில் முடிச்சோ கண்ணியோ இருக்கக் கூடாது, பாறையிடுக்கில் மாட்டிக்கொள்ளும். ஓடும் நீரென்றால் கவிழ்ந்தவர் படகுக்கு மேல்புறம், நீர் வரும் பக்கம் இருக்க வேண்டும். கீழ்ப்புறம் இருந்தால் நீர் நிறைந்த படகு அவரைப் பாறையோடு நசுக்கும். முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்கவும் கூடாது. கால் கற்களுக்கு நடுவே சிக்கினால் நீரின் தள்ளலே ஆளைக் குப்புறச் சாய்த்து அமுக்கிவிடும்.

இதைக் கரையில் நின்று கேட்டுக் கற்க முடியாது. கூட வேறொரு படகும் இரண்டு மூன்று ஆட்களும் வேண்டும், அவர்களும் நனையத் தயாராக இருக்க வேண்டும். தன்னார்வக் கிளப்பில் உங்கள் அனுமதி தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். உங்களைச் சோதிக்க ஒரு மாலையை ஒதுக்கும் ஆள் கிடைக்கவில்லை. ‘எப்போது தருவீர்கள்’ என்று கேட்டால் ‘பார்க்கலாம்’ என்பார்கள். ‘கவிழ்ப்புப் பயிற்சிக்கு நாங்கள் மூன்று பேர் தயார், எந்தத் தேதி’ என்று கேட்டுப் பாருங்கள்.

வெயில் நாளில் திருப்பி அனுப்பியதற்கு வருவோம். வெயில் அடித்தால் காற்று இருக்காது என்றில்லை. நீர்ப்பரப்பில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். பரவலாகத் தெரிந்தால் 20 முதல் 28. வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் காற்றின் தள்ளல் நான்கு மடங்காகும். கரையிலிருந்து நீரை நோக்கி வீசும் காற்றுதான் ஆளை ஏமாற்றுவது. மரங்களும் மேடும் மறைப்பதால் துறையில் நீர் கண்ணாடி போலக் கிடக்கும். 200 மீட்டர் போனதும்தான் தெரியும், திரும்பி வர முடியாது. புதியவரைத் தனியே விட்டால் இன்னொரு சிக்கல் சேரும். வழக்கம்போல அமரத்தில் போய் உட்காருவார், அணியம் நீரைவிட்டு மேலே எழும்பும், காற்று அதைப் பிடித்துக் கதவு மாதிரித் திருப்பும். தனியாகப் போகும்போது முன்னிருக்கையில் பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். அப்போது உடம்பு நடுவுக்குக் கிட்டத்தில் வந்துவிடும், பழைய அமரமே அணியமாகிவிடும். இரண்டு முனையும் ஒரே வடிவமாக உள்ள கேனோவில்தான் இது சரிப்படும். நடுவே குறுக்குச் சட்டம் காலை மறிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் சுமையை ஒரு கையகலம் முன்னால் தள்ளினால் படகு நேரே நிற்கும்.

நீரின் குளிரும் வெயிலைப் பார்த்து மாறாது. 15 டிகிரிக்குக் கீழான நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அதற்குள் முகம் நீருக்குள் போய்விடக் கூடாது. அடுத்த பத்து நிமிடம் போல விரல்கள் வேலை செய்யும், பிறகு கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. மிதவைச் சட்டையை விழுந்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பதெல்லாம் இதனால்தான் நடக்காத காரியம். போடும்போது கீழ்ப்பட்டையிலிருந்து மேல்நோக்கி இறுக்குங்கள். பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள். சட்டை காதைத் தொட்டால் தளர்வு. கிளப்பில் கிடைப்பது பெரும்பாலும் 50 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடையைத் தாங்கும் மிதவை. நினைவோடு நீந்துகிறவருக்குத்தான் அது போதும். மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது.

அடுத்து, கழுவுவதும் கூட்டுவதும். இதில் நான் கிளப் பக்கம். படகு கெடுவது பெரும்பாலும் கரையில்தான். ஒரு முனை மண்ணிலும் மறுமுனை நீரிலும் இருக்க, நடுவில் ஆள் ஏறுவார். தாங்கல் இல்லாத நடுப்பகுதி வளையும், ஒருநாள் விரியும். இருவர் தூக்கச் சோம்பல்பட்டு இழுத்துப் போனால் அடிப்பகுதியின் முனை தேய்ந்து ஓட்டை விழும். பிளாஸ்டிக் படகை இரண்டு முனையில் மட்டும் தாங்கி வைத்தால் வெயிலில் தொய்ந்துபோகும். குப்புறக் கவிழ்த்து, முனையிலிருந்து கால் பங்கு நீளத்தில் தாங்கல் வர வேண்டும். மிதவைச் சட்டையை மெத்தையாகப் போட்டு உட்காருகிறவர்களை என்ன சொல்வது? உள்ளே இருக்கும் நுரை நசுங்கி மிதப்பு குறையும். கழுவுவது அழகுக்காக அல்ல. ஒரு நீர்நிலையின் செடித்துண்டும் நத்தைக் குஞ்சும் இன்னொன்றுக்குப் போகாமலிருக்க, பார்த்து, கழுவி, முழுக்க உலர்த்த வேண்டும். கேனோவைத் துணியால் துடைக்கிறவர்தான் இருக்கையின் போல்ட் ஆடுவதைக் கண்டுபிடிப்பார். அந்த நட்டு நடுநீரில் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பழுது கண்டால் பொறுப்பாளரிடம் வாயால் சொன்னதோடு விடாதீர்கள். படகு எண், பழுதான இடம், தேதி மூன்றையும் எழுதிப் படகிலேயே கட்டிவிடுங்கள். வாயால் சொன்னது அடுத்த வாரம் படகு எடுப்பவரிடம் போய்ச் சேராது. கீறலை மறைப்பவர்கள் உண்டு. உடைத்தவர் மேல் கோபப்படுகிற கிளப்பில் அவர்கள் கூடிக்கொண்டே போவார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகு பதிவேடு. புறப்பட்ட நேரம், படகு எண், யார் யார், எதுவரை, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுவார்கள். திரும்பி வந்ததை மட்டும் எழுத மறப்பார்கள். இருட்டியதும் யாரோ ஒரு தன்னார்வலர் கரையில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருப்பார், நீங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

வாடகைப் படகு: ஆண்டுக்கு நான்கைந்து தடவை, நல்ல நாளில், ஒரு மணி நேரம் மிதந்தால் போதும் என்றால் அதுவே மேல். கிளப்பில் காத்துக் கிடக்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது போவீர்கள், ஆற்றில் நாள் முழுக்கப் போகும் பயணங்களில் சேர ஆசை என்றால் வாடகை கட்டுப்படியாகாது. அங்கே கவிழ்ந்தவரை மீட்க யாரும் சொல்லித்தரப் போவதும் இல்லை.

அடுத்த முறை கொட்டகை கூட்டக் கூப்பிடும்போது ஒரு ஸ்பேனர் கேட்டு வாங்கி, எல்லாக் கேனோவிலும் இருக்கை போல்ட்டையும் குறுக்குச் சட்ட போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள். அளவோடு, மரச்சட்டம் நசுங்காமல். அன்றைக்கே தேதியையும் வாங்கிவிடுங்கள். கவிழ்ப்புப் பயிற்சிக்கு மாற்றுத்துணி ஒரு செட் அதிகமாகவே எடுத்துப் போங்கள், ஒருமுறை கவிழ்ந்ததோடு விடமாட்டார்கள்.