பெல் கான்டோ பாடும் சொப்ரானோக்களில் ஒருவரை மகத்தான பாடகி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பெல் கான்டோ என்பது ஓபரா என்கிற இத்தாலியப் பாட்டு நாடகத்தின் பழைய பாடும் முறை, சொப்ரானோ என்பது பெண் குரலில் மிக உயர்ந்தது. கேள்வியின் கீழே நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்கு எல்லாரும் ஒரே மாதிரிக் கத்துவதுபோலத்தான் கேட்கிறது. யார் அதிக உயரத்துக்குப் போகிறாரோ அவர்தான் பெரிய பாடகியா?" அந்தக் 'கத்துவது' என்ற சொல்லைப் பார்த்த பிறகு பேசாமல் கடந்துபோக முடியவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. இத்தாலியில் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோவுக்கு வந்த புதிதில் நானும் அதே சொல்லைத்தான் சொன்னேன்.

நீங்கள் தொலைபேசியில் ஒரு நிமிடத் துண்டுகளைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பத்துப் பாடகிகள், ஒரே உச்ச சுரம், யார் கூட நேரம் பிடிக்கிறார் என்று போட்டி. ஏழெட்டு நிமிடப் பாட்டின் கடைசி ஐந்து விநாடியை மட்டும் வெட்டிப் போட்டால் யாருக்கும் அது கத்தலாகத்தான் கேட்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து 'உனக்கு என்ன தகுதி' என்று கேட்கக் கூடாது. நான் சங்கீதம் படித்தவள் இல்லை. இங்கே 'பதாந்தே' என்பார்கள், வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்க்கிற வேலை. அதுதான் என் தொழில். 2009 முதல் 2016 வரை நான் பார்த்த சிஞ்ஞோரா, அதாவது வீட்டுக்கார அம்மா, அதே தீவின் கத்தானியாவில் பிறந்தவர். இளமையில் சில வருஷம் ஓபரா கோரஸில் பாடியவர், பிறகு நாற்பது வருஷம் வீட்டில் வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். நான் போனபோது அவருக்கு 79 வயது. கால் நடக்காது, காது மட்டும் கத்தி. வாரத்தில் மூன்று பின்னேரம் பிள்ளைகள் வருவார்கள். குசினிக்கும் பியானோ அறைக்கும் நடுவில் ஒரு கதவு, அது சாத்தியதே இல்லை. ஏழு வருஷம் அந்தக் கதவடியில் நின்று கேட்டதுதான் என் படிப்பு.

ஒரு நாள் 22, 23 வயதுப் பிள்ளை ஒன்று 'காஸ்தா தீவா' பாடினாள். பெல்லினி இசையமைத்த 'நோர்மா' ஓபராவில் வருகிற பாட்டு அது. நிலவைப் பார்த்து, 'தூயவளே, இந்தப் புனிதமான பழைய மரங்களுக்கு வெள்ளி பூசுகிறவளே' என்று பூசாரிப் பெண் நோர்மா வேண்டுவாள். பிள்ளைக்கு நல்ல குரல். உச்சத்தில் யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். முடிந்ததும் கைதட்டலாமா என்று யோசித்தேன். சிஞ்ஞோரா கைதட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு மெழுகுதிரி ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

மாதா படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். அதைக் கொளுத்தி, பிள்ளையின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் என்னையே பிடிக்கச் சொன்னார். "இப்போது பாடு. சுடர் ஆடக் கூடாது." இது இத்தாலியில் பழைய வாத்தியார்கள் செய்விக்கிற பயிற்சி என்று பிறகுதான் அறிந்தேன். பிள்ளை தொடங்கினாள். முதல் வரியிலேயே சுடர் என் பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, திரும்பச் சாய்ந்தது. என் விரலில் மெழுகு வடிந்தது. அவள் நெஞ்சில் இருந்த காற்றில் பாதிக்கு மேல் குரலாகாமல் சும்மா வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன்.

பிறகு சிஞ்ஞோரா பிள்ளையிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "இவள் எங்கே மூச்சு எடுத்தாள், சொல்லு." நான் சொன்னேன்: 'அந்தீக்கே'வுக்கும் 'பியாந்தே'வுக்கும் நடுவில். பழைய என்ற சொல்லுக்கும் மரங்கள் என்ற சொல்லுக்கும் இடையில். அந்தப் பாட்டை அதற்குள் நூறு தடவை கேட்டிருப்பேன், அந்த இடத்தில் யாரும் வெட்டிக் கேட்டதில்லை. சிஞ்ஞோரா பிள்ளையைப் பார்த்து, "கேட்டாயா, நிலம் துடைக்கிறவளுக்கு விளங்குது" என்றார். அதில் என்னைக் குறைத்தார் என்று நான் எடுக்கவில்லை. இன்றைக்கும் அதை என் சான்றிதழாகத்தான் வைத்திருக்கிறேன்.

அதனால் என் பதில் மூச்சு. மூச்சு என்றால் நீளமாக இழுத்துப் பிடிப்பது இல்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும்போது நடுவில் வெடிப்பு இல்லாமல் போவது. 'லெகாத்தோ' என்பார்கள். பெல்லினியின் மெட்டுகளை 'நீண்ட, நீண்ட, நீண்ட' என்று இன்னொரு பெரிய இசையமைப்பாளர் வெர்டியே மூன்று தடவை சொல்லிப் புகழ்ந்திருக்கிறார். அவை நீளம் மட்டும் இல்லை, மெதுவானவையும்கூட. கீழே வாத்தியங்கள் மெல்ல வாசித்துக்கொண்டிருக்கும், பாடகிக்கு ஒளிந்துகொள்ள ஒரு இடமும் கிடையாது. நம் சங்கீதம் கேட்டவர்களுக்கு விளம்ப காலத்தில் பாடுவது எவ்வளவு பாடு என்று தெரியும். ஆனால் அங்கே கமகம் சுரத்துக்குள்ளேயே அசைந்து கொடுக்கும், இங்கே சுரம் அசையாமல் நிற்க வேண்டும்.

அடுத்தது மெல்லப் பாடுவது. ஒரே சுரத்தை நூல் போலத் தொடங்கி, பெருக்கி, திரும்ப நூலாக்கி முடிப்பது. 'மெஸ்ஸா தி வோச்சே' என்று பெயர். இதை மைக் இல்லாமல் செய்ய வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். ஓபரா அரங்கில் பாடகிக்கு மைக் கிடையாது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிரைகள், நடுவில் ஒரு முழு வாத்தியக் குழு. சத்தம் போட்டு அதைத் தாண்ட நிறையப் பேரால் முடியும். மெல்லிய குரலை மேல்மாடியின் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சிலரால்தான் முடியும். மொன்செராத் கபாயே அதில் ராணி. 1965இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மெரிலின் ஹோர்னுக்குப் பதிலாக வந்து டொனிசெத்தி இசையமைத்த 'லுக்ரேசியா போர்ஜா' ஓபராவைப் பாடி, ஒரே இரவில் பெயர் எடுத்தவர். 1974இல் பிரான்சின் ஒராஞ்சில், திறந்தவெளி ரோமானிய அரங்கில் அவர் பாடிய 'நோர்மா' படமாக இருக்கிறது, தேடிப் பாருங்கள். மிஸ்த்ரால் என்கிற அந்தப் பக்கத்துப் பலத்த வாடைக்காற்று அடிக்கிறது, உடுப்பெல்லாம் பறக்கிறது. அந்தக் காற்றுக்கு நடுவில் அவர் குரல் மட்டும் அசையாமல் நிற்கிறது.

உயரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு யாரும் பின்னூட்டத்தில் அடிக்க வர வேண்டாம். ஆனால் எழுதினவர்களே உயரத்தை எப்படிப் பார்த்தார்கள் என்று பாருங்கள். 'நோர்மா' முதன்முதல் மேடை ஏறியது 1831 டிசம்பர் 26, மிலானில் லா ஸ்காலா அரங்கில். பாடியவர் ஜூதித்தா பாஸ்தா. 'காஸ்தா தீவா'வை முதலில் தன் குரலுக்குப் பொருந்தாது என்று அவர் மறுத்ததாகவும், ஒரு வாரம் பாடிப் பார்க்கும்படி பெல்லினி கேட்டதாகவும் சொல்வார்கள். பெல்லினி எழுதிய சுருதியிலிருந்து அந்தப் பாட்டு ஒரு முழு சுரம் இறங்கியது, இன்றைக்கும் பெரும்பாலும் இறக்கித்தான் பாடுகிறார்கள். அதில் எது குறைந்தது? 1835இல் நேப்பிள்ஸில் மேடையேறிய டொனிசெத்தியின் 'லூச்சியா தி லம்மர்மூர்' இன்னும் நல்ல உதாரணம். பைத்தியம் பிடித்த லூச்சியா கடைசியில் தொடுகிற அந்தப் பேர்பெற்ற உச்ச சுரத்தை டொனிசெத்தி எழுதவே இல்லை. புல்லாங்குழலோடு போட்டி போட்டுப் பாடுகிற நீண்ட பகுதியும் அவருடையது இல்லை, பல பத்து வருஷம் கழித்துச் சேர்ந்தது. உங்கள் ஒரு நிமிடத் துண்டுகளில் வெட்டிப் போடுவது அநேகமாக இதைத்தான்.

சொல் விளங்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பாடகியின் குற்றம் மட்டும் இல்லை. 'இ'யையும் 'ஆ'வையும் பிரித்துக் காட்டுவது வாய்க்குள் உருவாகிற அதிர்வுகள். 'இ'க்குரிய முதல் அதிர்வு நொடிக்குச் சுமார் 300. சொப்ரானோ மேல் 'தோ' என்கிற உச்ச சுரத்தைப் பாடும்போது அவள் சுரமே நொடிக்கு ஆயிரத்தைத் தாண்டுகிறது. அந்த உயரத்தில் 'இ' என்ற எழுத்துக்கு இடமே இல்லை. அவள் தாடையை இறக்கி வாயை அகலத் திறந்து, வாயின் அதிர்வைச் சுரத்தின் உயரத்துக்குக் கொண்டுபோகிறாள், எழுத்து 'ஆ' பக்கம் சாய்ந்துவிடுகிறது. நல்ல பாடகி கீழே, நடுச் சுரங்களில் சொல்லைத் தெளிவாகப் போட்டுவைத்து, மேலே போகும்போது நமக்கு அது நினைவிருக்கும்படி செய்வாள்.

இங்கேதான் மரியா கல்லாஸ் வருகிறார். 1951 நவம்பரில், பெல்லினி பிறந்து 150 வருஷம் என்று அவருடைய சொந்த ஊரான கத்தானியாவில் கொண்டாடியபோது கல்லாஸ் வந்து 'நோர்மா'வும் பெல்லினியின் இன்னொரு ஓபராவான 'இ பூரித்தானி'யும் பாடினார். 27 வயது. சிஞ்ஞோராவுக்கு அப்போது 21, தாயோடு மேல்மாடியில் இருந்து கேட்டாராம். "அழகான குரல் இல்லை" என்றுதான் எப்போதும் தொடங்குவார். நடுவில் மூடியிருக்கும், மேலே சில சமயம் கூர்க்கும். ஆனால் இந்தப் பாட்டுகளில் வேகமான பகுதியை, 'கபலெட்டா'வை, இரண்டு தடவை பாடுவார்கள். இரண்டாம் தடவை பாடகி தன் சொந்த அலங்காரம் சேர்க்கலாம். மற்றவர்கள் அந்த இடத்தில் நகை போடுவார்கள் என்றும், கல்லாஸ் அதே இடத்தில் அழுவார் அல்லது சபிப்பார் என்றும் சிஞ்ஞோரா சொல்வார். ஒவ்வொரு சுரச் சரத்துக்கும் ஒரு காரணம் இருந்ததாம்.

ஜோன் சதர்லண்ட் ரசிகர்கள் இதைப் படித்துக் கொதிப்பார்கள், தெரியும். 1959இல் லண்டன் கொவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் அவர் பாடிய லூச்சியாவுக்குப் பிறகு அவ்வளவு பெரிய குரல் அவ்வளவு லேசாக ஓடியதை யாரும் மறுக்க முடியாது. இரண்டு சுரங்களை மாறி மாறித் துடிக்கவிடுகிற 'திரில்லோ' அவரிடம் மணி போல இருக்கும். எனக்கு அவர் சொல்கிற சொல் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அது என் காது, என் கருத்து.

சிஞ்ஞோராவின் மனதுக்குப் பிடித்தவர் மரியெல்லா தேவியா. 2013இல், 65 வயதில், பொலோஞ்ஞாவில் தேவியா முதன்முறையாக நோர்மா பாடினார். பேப்பரில் அந்தச் செய்தியை நான்தான் வாசித்துக் காட்டினேன். "65 வரைக்கும் காத்திருந்தாள்" என்று இரண்டு தடவை சொன்னார். குரல் என்கிற முதலில் கை வைக்காமல் வட்டியிலேயே பாடி வந்தவள் என்று அர்த்தம். 2018இல் வெனிஸில் அதே நோர்மாவோடு தேவியா ஓபரா மேடையை விட்டு விலகியபோது சிஞ்ஞோரா உயிரோடு இல்லை.

அவர் போன கதையையும் சொல்லத்தான் வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். அடக்கம் முடிந்து நாலாம் நாள் மருமகன் முறையான ஒருவர் வந்தார். ஏழு வருஷத்தில் இரண்டு தடவை வந்தவர். வீட்டை விற்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் வெளியேறு என்றார். வேலை முடிந்தால் தர வேண்டிய காசு இந்த நாட்டில் சட்டப்படி உண்டு. என்னை வாரத்துக்கு 25 மணித்தியாலம் என்று பதிந்துவிட்டு இரவும் பகலும் வைத்திருந்ததால் அதிலும் பாதிதான் கணக்கு என்றார். தொழிற்சங்கத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் அலைந்துதான் கொஞ்சம் கிடைத்தது. சிஞ்ஞோரா நல்லவர்தான், ஆனால் அந்தப் பதிவை அவரும் ஒரு நாளும் திருத்தவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை. இந்த வேலைக்கு வருகிற நம் பெண்கள் முதல் நாளே பதிவு மணித்தியாலத்தைப் பாருங்கள்.

அந்த மருமகன் இசைத்தட்டுகளை யாருக்கோ விற்றுவிட்டு, பாட்டுப் புத்தகங்களைக் 'கடதாசிக் குப்பை' என்று தெருத் தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தார். இரவு போய் மூன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். 'நோர்மா', 'லா சொன்னாம்புலா', 'இ பூரித்தானி'. சுரம் வாசிக்க எனக்குத் தெரியாது, சொற்களைப் பின்தொடர்வேன். ஊர் ஆக்கள் வீட்டுக்கு வந்தால் இந்தப் புத்தகம் உனக்கு எதுக்கு என்பார்கள். வீட்டில் எத்தனை பேர் வாசிக்காத புத்தகத்தை அலுமாரியில் வைத்திருக்கிறோம், அதை யாரும் கேட்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. 'காஸ்தா தீவா'வைக் கல்லாஸ், சதர்லண்ட், கபாயே மூன்று பேரும் பாடியதை எடுங்கள். காதில் நல்ல ஹெட்போன். முதல் தடவை குரலைக் கேட்க வேண்டாம், மூச்சு எடுக்கிற இடங்களை மட்டும் எண்ணுங்கள். எந்தச் சொல்லுக்கு முன்னால் எடுக்கிறார், எடுத்த பிறகு மெட்டு அதே இடத்திலிருந்து தொடர்கிறதா, புதிதாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாம் தடவை கேட்கும்போது மூவரும் ஒரே மாதிரிக் கேட்க மாட்டார்கள்.

சிஞ்ஞோராவின் 'நோர்மா'வில் மூச்சு எடுக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் காற்புள்ளி போட்டிருக்கும். 'அந்தீக்கே'வுக்குப் பிறகு ஒன்று போட்டு, தாள் தேயும்வரை அழித்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் மறுபக்கத்து எழுத்து தெரிகிறது.