உதவ ஆள் இருக்கிறது, வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் திடீர்ப் பக்கவாதம். பள்ளி செல்லும் இரு பிள்ளைகள். தெருவே உதவத் தயார். எப்படித் தொடங்குவது?

பதில்: விசாரிப்புகளுக்கு ஒருவரை மட்டும் தொடர்பாளராக வையுங்கள்; எல்லோரும் கணவருக்கே போன் போட்டால் அதுவே அவருக்குத் தனி வேலை. ‘எது வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ‘செவ்வாய், வியாழன் பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன்’ என்று சொல்லுங்கள். அழைத்து வருபவர் பெயரைப் பெற்றோர் பள்ளியில் முன்பே எழுதிக் கொடுக்கட்டும். இல்லாவிட்டால் பள்ளி பிள்ளைகளை அனுப்ப மறுக்கலாம். சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். திருப்பித் தர வேண்டாத டப்பாவில், சமைத்த தேதியுடன். பணம் திரட்டினால் கணக்கை இருவர் பார்க்கட்டும். முதல் வாரம் ஆள் குவியும். அந்த அம்மா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகுதான் பிசியோதெரபி, இரவுத் துணை என்று வேலை நீளும். பாதிப் பேரை அதற்கென ஒதுக்கி வையுங்கள்.