ஏற்காட்டில் சரிவான நிலம்: மழையில் மேல்மண் போகாமல் எப்படிப் பயிர் செய்வது?

முதலில் ஒன்றை நிறுத்துங்கள்: சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாக உழுவது. ஒவ்வொரு உழவுசாலும் தண்ணீருக்கு வாய்க்கால் ஆகிவிடும். ஓட்டத்தின் வேகம் கூடக்கூட அது அடித்துச் செல்லும் மண் பல மடங்கு கூடும். அதனால் வேகத்தை உடைப்பதுதான் முக்கிய வேலை.

சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் போகும் கோட்டில் உழவும் நடவும் இருக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கோடு போட்டால் ஏமாந்துவிடுவோம். மூன்று கம்புகளை ஆங்கில 'ஏ' எழுத்துபோலக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். சமதரையில் கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிவில் கயிறு அதே குறியில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். கால்கள் நிற்கும் அந்த இடங்களில் முளைக்குச்சி அடித்துக்கொண்டே போனால் கோடு கிடைத்துவிடும். செலவே இல்லை!

சேர்வராயன் மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. கோட்டோரம் கல்வரப்பு அடுக்கலாம். கல் இல்லாத இடத்தில் வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள். அதன் வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராக ஆழமாக இறங்குவதால் பயிருக்கும் தொந்தரவு குறைவு.

செங்குத்தான பகுதியில் ராகி, சாமை வேண்டாம் என்பேன். சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் மிளகுக்கொடி என்று விட்டுவிடுங்கள். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் களையை வேரோடு பிடுங்காதீர்கள், அறுத்து அங்கேயே மண்ணை மூடும்படி மூடாக்காகப் போடுங்கள்.