குட்டை ஓடுபாதையில் இறங்கப் பழகுவது: கேள்வி பதில்

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் சிறிய விமானம் ஓட்டப் பழகும் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எண்கள் செஸ்னா 172எஸ் விமானத்துக்கானவை. நீங்கள் ஓட்டுவது வேறு விமானம் என்றால் அதன் கையேடுதான் கணக்கு.

ஈசூன் மாணவர்: அண்ணே, சிலேத்தார் ஓடுபாதை 1,836 மீட்டர். இதில் குட்டை ஓடுபாதையை எப்படிப் பழகுவது?

நீளமான பாதையில்தான் பழக வேண்டும் தம்பி. தப்பு நடந்தாலும் முன்னால் இடம் மிச்சமிருக்கும். ஆனால் பாதையின் உண்மையான விளிம்பைக் குறிவைக்காதீர்கள். கொஞ்சம் குறைந்தால் சக்கரம் புல்லில் படும். உள்ளே தள்ளியிருக்கும் வெள்ளைப் பட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாதை அங்கேதான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தனியார் விமானி தேர்வில், குறித்த இடத்துக்கு முன்னால் இறங்கக் கூடாது. தாண்டினாலும் 200 அடிக்குள் இறங்க வேண்டும். அதையே முதல் இலக்காக வையுங்கள்.

ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், இறங்கும் பட்டைக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளியைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். அது அசையாமல் நின்றால் நேராக அங்கேதான் போகிறீர்கள். மேலே ஏறினால் அதற்கு முன்பே இறங்கிவிடுவீர்கள், கீழே நழுவினால் தாண்டிவிடுவீர்கள். மூக்கைத் தூக்கும்போது விமானம் இன்னும் கொஞ்ச தூரம் போகும் என்பதால்தான் பார்க்கும் புள்ளி பட்டைக்கு முன்னால் இருக்கிறது.

தெம்பனிஸ் மாணவி: இறங்க வரும் வேகம் 61 நாட் (மணிக்கு 61 கடல் மைல்) என்கிறது கையேடு. இன்னும் மெதுவாக வந்தால் சீக்கிரம் நிற்காதா?

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆபத்தும் இங்கேதான். 61 என்பது முழு எடைக்கும் முழு ஃபிளாப்புக்கும் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் மடிப்பு) உள்ள வேகம். அதற்குக் கீழே போனால் காற்றுத் தடை கூடுகிறது, விமானம் இறங்கத் தொடங்குகிறது. பதறிப் போய் மூக்கைத் தூக்கினால் இன்னும் வேகமாக இறங்கும். த்ரோட்டிலைத் திறந்து எஞ்சின் சக்தியைக் கூட்டினால்தான் தப்பலாம். தரையருகே அதற்கு உயரம் போதாது.

மறுபக்கம், பயத்தில் 70 நாட்டில் வருபவர்களும் உண்டு. ஒன்பது நாட்தானே என்று தோன்றும். ஆனால் கரைக்க வேண்டிய ஆற்றல் 30 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. சக்கரம் தொடாமல் பாதை மேலேயே மிதந்துகொண்டு போவீர்கள். முதலில் நல்ல உயரத்தில், இன்ஸ்ட்ரக்டரோடு, மெதுவாகப் பறப்பதைக் கைக்குப் பழக்குங்கள். அப்புறம் தரைக்கு வாருங்கள்.

ஜூரோங் வாசகர்: பிரேக்கை எவ்வளவு அழுத்துவது?

மூக்குச் சக்கரமும் தரையில் பட்ட பிறகு, சறுக்காத அளவுக்கு. பழகும்போது ஒவ்வொரு தடவையும் முழு பலத்தில் அழுத்தத் தேவையில்லை, டயர்தான் தேயும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: மழையும் பின்காற்றும் எவ்வளவு பாதிக்கும்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கடல் மட்டத்தில், 30 டிகிரி வெயிலில், பாதை முனையில் 50 அடி உயரத் தடை இருப்பதாக வைத்து, அதைத் தாண்டி இறங்கி நிற்க ஏறத்தாழ 1,400 அடி வேண்டும். எதிர்காற்று 9 நாட் அடித்தால் 10 சதவீதம் குறைகிறது. பின்காற்றுக்கோ இரண்டு நாட்டுக்கே 10 சதவீதம் கூடுகிறது. நான்கு நாட் பின்காற்று என்றால் 1,680 அடி. ஈரத்துக்கு 15 சதவீதம் சேருங்கள். பிரிட்டிஷ் விமானப் போக்குவரத்து ஆணையம் பரிந்துரைக்கும் 1.43 என்ற பாதுகாப்பு எண்ணாலும் பெருக்கினால் சுமார் 2,760 அடி, அதாவது 840 மீட்டர் வந்துவிடுகிறது! பிற்பகல் இடிமழை கொட்டி ஓய்ந்ததும் கிளம்பத் துடிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஈசூன் மாணவர்: ஒருநாள் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போக ஆசை. எப்போது தயார் என்று தெரியும்?

அங்கே ஓடுபாதை ஏறத்தாழ 1,000 மீட்டர், பக்கத்திலேயே மலை. கடைசி நேரத்தில் மனம் மாற இடமில்லை. அதனால் சிலேத்தாரிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: 300 அடியில் வேகமும் பாதையும் சரியில்லை என்றால் கோ அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறிவிடுங்கள். முழு த்ரோட்டில், ஃபிளாப்பை உடனே 20 டிகிரிக்குக் குறையுங்கள்; மீதியை உயரம் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாக. யாரும் சொல்லாமலே நீங்களாக இதைச் செய்யத் தொடங்கியதும் இன்ஸ்ட்ரக்டரிடம் தியோமான் பேச்சை எடுங்கள். போகுமுன் கிளம்பும் தூரத்தையும் கணக்கிடுங்கள்: அதே வெயிலில், முழு எடையில், 50 அடித் தடையைத் தாண்டி ஏற சுமார் 1,800 அடி வேண்டும், இறங்குவதைவிட அதிகம்.